மல்லாட்டை மூட்டையிலிருந்து எண்ணெய் பாட்டில் வரை: புதிதாகச் செக்கு வைப்பவர்கள் தரம் பார்ப்பது எப்படி?

மரச்செக்கா, இரும்புச் செக்கா என்று ஆறு மாதம் யோசிக்கிறவர்கள், மல்லாட்டையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஆறு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. (மல்லாட்டை என்றால் நிலக்கடலைதான். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் எங்களுக்கு அது மல்லாட்டை.) நானும் அப்படித்தான். முதல் வருஷம் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மழையில் நனைந்த சரக்கில் இருபது மூட்டை வாங்கிப் போட்டேன். எண்ணெய் சீக்கிரமே காறல் அடித்தது.

1. கொட்டிப் பாருங்கள்

மூட்டை வாயில் நல்ல காய்தான் இருக்கும். தார்ப்பாயில் கொட்டச் சொல்லி, மேல், நடு, அடி மூன்றிலும் அள்ளிக் கலந்து ஒரு கிலோ எடுங்கள். காயை ஆட்டினால் பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பைக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. அப்புறம் அந்த ஒரு கிலோவையும் உரித்துவிடுங்கள். 700 கிராம் பருப்பு தேறினால் நல்ல சரக்கு. சுருங்கல், சொத்தை, பூஞ்சை மூன்றையும் தனித்தனியே நிறுத்து எழுதி, அந்தத் தாளை வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வியாபாரி முறைப்பார். ஆனால் அடுத்த தடவை உங்களுக்கு வரும் மூட்டை வேறு மாதிரி இருக்கும்.

2. பூஞ்சைக்கு இடம் கொடுக்காதீர்கள்

மஞ்சளும் பச்சையுமாகப் படரும் ஒரு பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் கலந்திருந்த மல்லாட்டைப் பிண்ணாக்கைத் துருவிப் போய்த்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். வறுத்தாலும் காய்ச்சினாலும் முழுக்கப் போகாது. ஆகவே ஈரத்தை அடக்குவதுதான் வழி: பருப்பில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள், இது வீண் செலவில்லை.

உடைசல் குறையும் என்று உரிக்கிற மில்லில் காய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். 'தெளிக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். உடைசல் கொஞ்சம் கூடினால் கூடட்டும், செக்கில் போடப்போகிற பருப்புதானே!

3. காயாகவே இருப்பு வையுங்கள்

சணல் சாக்கு, அடியில் மரக்கட்டை, சுவரிலிருந்து ஓரடி தள்ளி. ஆட்டுவதற்கு முன்புதான் உரிக்க வேண்டும். உரித்ததும் கையால் பொறுக்குவது அவசியம். சில பருப்பிலேயே நஞ்சு குவிந்திருக்கும் என்பதால், அந்தச் சிலவற்றைத் தள்ளினாலே பாதி வேலை முடிந்தது. பார்வைக்கு நன்றாக இருக்கும் பருப்பிலும் நஞ்சு இருக்கலாம். ஆகவே சரக்கு மாறும்போது ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள்.

4. மூட்டைக்கு ஒரு எண்

யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு ஈரத்தில் வாங்கியது என்று நோட்டில் எழுதி, அதே எண்ணை மூட்டையிலும் கடைசியில் பாட்டிலிலும் போடுங்கள். இரண்டு பேர் சரக்கை ஒரே ஆட்டில் கலக்காதீர்கள். எண்ணெயைத் தெளியவைத்து, ஈரமில்லாத பாத்திரத்தில் பிடித்தால் போதும்.

5. பிண்ணாக்கும் உங்கள் பொறுப்புதான்

பொறுக்கித் தள்ளிய பூஞ்சைப் பருப்பைப் 'மாட்டுக்குத்தானே' என்று பிண்ணாக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. மாடு தின்றால் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் வரும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) 2019இல் வெளியிட்ட பால் ஆய்வில், நாடு முழுவதும் 6,432 மாதிரிகளில் 368இல் இது அளவுக்கு மீறி இருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் 88. தீவனம் வழியாகத்தான் வந்திருக்கும் என்றார்கள். தள்ளிய பருப்பை எரித்துவிடுங்கள்.

6. சோதித்துப் பாருங்கள்

மாதம் ஒருமுறை கடையிலிருந்து உங்கள் பாட்டில் ஒன்றை எடுத்து, அதன் எண்ணை வைத்து எந்த விவசாயியின் மூட்டை என்று நோட்டில் தேடுங்கள். பத்து நிமிஷத்தில் பெயர் கிடைக்க வேண்டும். எனக்கு முதல் தடவை இரண்டு நாள் ஆனது. கடைசியில் கிடைத்ததும் தப்பான பெயர்.