கால்பந்து ஆடும் முன் 20 நிமிடம்

ஷூ கயிற்றைக் கட்டியதும் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக் கட்டைவிரலைப் பிடிக்காதீர்கள். வடசென்னையில் எங்கள் கிரவுண்டுக்குப் புதிதாக வரும் பெண் பிள்ளைகள், பள்ளி டிரில் பீரியடில் பழகியபடி, முதலில் அதைத்தான் செய்கிறார்கள். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு அதன் விசை குறையும். ஆட இறங்கும்போது நமக்கு வேண்டியதே அந்த விசைதான். அதனால் முதலில் ஓட்டம்.

நான் சொல்லித்தருவது ஃபிஃபாவின் '11+' பயிற்சி. மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம், வாரத்தில் இரண்டு நாளாவது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 பெண் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி 2007-ல் எட்டு மாதம் கவனித்தார்கள். இந்தப் பயிற்சியைச் செய்த பிரிவில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், பெரிய காயங்கள் கிட்டத்தட்டப் பாதியும் குறைந்தன. காசு செலவில்லாத ஒன்றுக்கு இது பெரிய பலன்.

ஆறு ஜோடி கோன்களை ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசையாக வையுங்கள். கோன் இல்லையா, செருப்புகளே போதும். வைக்கும்போதே கல், கண்ணாடித்துண்டு கிடக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கிவிடுங்கள். இருவர் இருவராக நிதானமாக ஓட வேண்டும். முதலில் நேராக. அடுத்து ஒவ்வொரு கோனிலும் நின்று, முழங்காலைத் தூக்கி இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்பி இறக்க வேண்டும். அப்புறம் வெளியிலிருந்து உள்பக்கம். பிறகு கூட ஓடுபவரைச் சுற்றிப் பக்கவாட்டில் ஓடுவது, குதித்துத் தோளோடு தோள் இடிப்பது, இரண்டு கோன் தூரம் வேகமாக முன்னே போய் ஒரு கோன் பின்னே வருவது. எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வேர்வையை அடையாளமாக எடுக்காதீர்கள், சென்னையில் மே மாதம் சும்மா நின்றாலே வேர்க்கும். கால் லேசாகி, பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? சரியாகப் போகிறது.

அடுத்த பத்து நிமிடம் வலு, சமநிலை, குதித்தல். முழங்கைகளை ஊன்றி உடம்பைப் பலகை போல 20 முதல் 30 விநாடி நிறுத்துவது, பக்கவாட்டிலும் அதே. ஒற்றைக்காலில் பந்தோடு 30 விநாடி நிற்பது. தொடையின் பின்தசைக்கு ஒன்று இருக்கிறது: மண்டியிட்டு நில்லுங்கள், ஜோடி உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும், முதுகு வளையாமல் மெதுவாக முன்னால் சாயுங்கள், தாங்க முடியாதபோது கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் மூன்று முதல் ஐந்து முறை போதும். மறுநாள் தொடை வலிக்கும், பயப்பட வேண்டாம்.

குதித்து இறங்குவதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். முழங்காலில் ஏசிஎல் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் யாரும் இடித்து அல்ல. குதித்து இறங்கும்போதும், ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதும் முழங்கால் உள்பக்கம் மடங்கித்தான். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது அதிகம் நடக்கிறது. அறுவை சிகிச்சை செய்தால் மீண்டும் ஆட ஒன்பது மாதமாவது ஆகும். பதினைந்து வயதில் அது ஒரு முழு சீசன். ஆகவே ஒவ்வொருவருக்கும் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன்: முன்பாதத்தில் மெத்தென்று இறங்குகிறாளா, இடுப்பும் முழங்காலும் மடங்குகின்றனவா, முழங்கால் பாதத்துக்கு நேரே நிற்கிறதா? 'டொம்' என்று சத்தம் கேட்டால் மறுபடி குதிக்கச் சொல்வேன்.

கடைசி இரண்டு நிமிடம் முக்கால் வேகத்தில் மைதானத்தின் குறுக்கே ஓட்டம், தாவித் தாவி ஓடுதல், காலை ஊன்றித் திசை மாற்றுதல். போட்டி நாளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓட்டங்களை மட்டும் செய்யுங்கள். கால் சோர்ந்துவிடக் கூடாது.

ஆட்டம் முடிந்ததும் தொடை, கவட்டை, கெண்டைக்கால் மூன்றையும் ஒவ்வொன்றாக 20, 30 விநாடி நீட்டலாம். வலிக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

பயிற்சியாளர்களுக்கு ஒன்று. பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்டக்காரரைத் திடீரென்று உள்ளே அனுப்பாதீர்கள். ஐந்து நிமிடம் முன்னதாக எழுப்பி, கோட்டோரம் ஓடவிட்டு, நாலைந்து முறை குதிக்கவும் திரும்பவும் வைத்து அனுப்புங்கள்.