பிரெஞ்சு நாட்டுப்புறச் சாயலில் ஒரு வெள்ளைச் சமையலறை

தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதிப் பண்ணை வீடுகளில் காணும் வெண்மை ஒரே நிறம் அன்று. சுண்ணாம்புச் சுவர், கல், பீங்கான், லினன் துணி ஆகியவை தத்தம் வெண்மையோடு அங்கே சேர்ந்திருக்கின்றன. ஆகவே, சுவர் முதல் அலமாரி வரை ஒரே வெள்ளைப் பெயின்டை அடித்துவிட்டால், நாம் விரும்பிய சாயல் தொடக்கத்திலேயே தொலைந்துவிடும்.

முதலில் சுவரைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால், பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, சுவரை நன்றாக நனைத்து, நீர்த்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ஈரத்தில் நிறமே இல்லாததுபோல் தோன்றும் அது, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போதுதான் வெளுக்கும்; அவசரப்பட்டுத் தடிமனாக அடித்தால் உதிர்ந்துவிடும். சிறிதளவு மஞ்சட்காவி கலந்தால் வெண்மையில் இதமான வெதுவெதுப்பு கூடும். தண்ணீர் தெறிக்கும் தொட்டியின் பின்புறத்துக்கும் அடுப்பின் பின்புறத்துக்கும் மட்டும் மெருகிட்ட டைல்ஸ் பதியுங்கள்.

தரைக்கு, புரோவான்ஸின் சலெர்ன் ஊருக்குப் பெயர் பெற்றுத்தந்த, 'தொமெத்' எனப்படும் அறுகோணச் சுடுமண் ஓடுகளே என் முதல் தேர்வு. அவற்றின் செம்மை இல்லாவிட்டால் வெள்ளை அறை மருத்துவமனைபோல் குளிர்ந்து நிற்கும். நுண்துளைகள் கொண்டவை என்பதால், கறை உட்புகாமல் தடுக்கும் சீலர் பூச மறவாதீர்கள்.

சமையல் மேடைக்குப் பளிங்கு அழகுதான். ஆனால் எலுமிச்சைச் சாறும் வினிகரும் அதன் பளபளப்பை அரித்துவிடும், சீலர் கறையைத் தடுக்குமே தவிர இந்த அரிப்பைத் தடுக்காது. எனவே, மாவு பிசையும் இடத்தில் மட்டும் பளிங்குப் பலகை வைத்து, தொட்டியிலிருந்து விலகிய பகுதிகளில் எண்ணெய் தேய்த்த ஓக் மரத்தைப் பயன்படுத்தலாம்.

புகை உறிஞ்சும் கருவியைச் சாந்து பூசிய புகைபோக்கி வடிவக் கூட்டுக்குள் மறைத்து, அதன் கீழே ஓர் இரும்புக் கம்பியில் செம்புப் பாத்திரங்களைத் தொங்கவிடுங்கள். வட பிரான்சிலுள்ள நார்மண்டியின் வில்தியூ-லெ-புவால் ஊர் இப்பாத்திரங்களுக்குப் புகழ்பெற்றது. உள்ளே பூசப்படும் வெள்ளீயம் சுமார் 232 டிகிரி செல்சியஸில் உருகுவதால், வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது.

சன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் லினன் திரை போதும். விளக்குகள் வெதுவெதுப்பான மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் அளவில் இருக்கட்டும். புதிய அலமாரியை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பழையதாகக் காட்ட வேண்டாம். கைபட்டுத் தேயும் இடங்கள் தாமாகவே தேயும்.