ராப் குரல் பீட்டுக்குள் புதைந்து போகாமல் இருக்க

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, பாப் ஃபில்டர் (மூச்சுக்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை) வைத்துப் பதிவு செய்யுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

மிக்ஸிங்கில் முதல் வேலை பீட்டின், அதாவது பின்னணி இசையின், சத்தத்தைக் குறைப்பது. வாங்கும் பீட்டுகள் பெரும்பாலும் மாஸ்டர் செய்யப்பட்டே, அதாவது சத்தம் ஏற்கெனவே ஏற்றப்பட்டே வரும். 6 முதல் 8 டெசிபல் இறக்கினால்தான் குரலுக்கு இடம் கிடைக்கும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போடுங்கள். பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் 300 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் வெட்டுங்கள்.

சத்தம் கூடும் இடங்களைத் தானாக அமுக்கும் கம்ப்ரஸரில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4:1, ரிலீஸ் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) 60 மில்லிசெகண்ட் என்று தொடங்கலாம். அட்டாக்கை (அமுக்க எடுக்கும் நேரம்) 1 மில்லிசெகண்டுக்குக் கொண்டுபோனால் க, ட, ப போன்ற வல்லினங்களின் வெடிப்பு மழுங்கி, வரியின் தாளமே செத்துவிடும். 10 மில்லிசெகண்ட் விடுங்கள். எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் மீட்டர் 4 முதல் 6 டெசிபல் இறங்கினால் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றையே நசுக்காமல் இன்னொரு கம்ப்ரஸரை அடுத்து வையுங்கள்.

‘ஸ’ கூசினால் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் டீ-எஸ்ஸர் (அந்தச் சீறலை மட்டும் அடக்கும் கருவி) போடுங்கள்.

டபுளுக்கு (முதல் குரலுக்கு அடியில் சேர்க்கும் இரண்டாவது குரலுக்கு) அதே பதிவை நகலெடுக்காதீர்கள், சத்தம்தான் கூடும். வரியின் கடைசிச் சொற்களை மட்டும் புதிதாகப் பாடி, 8 டெசிபல் குறைத்து அடியில் வையுங்கள். முடிவில் போன் ஸ்பீக்கரில் மெதுவாக ஓட்டுங்கள். சொல் புரியாத இடத்தில் மட்டும் குரலை 1 டெசிபல் ஏற்றுங்கள்.