சிங்கப்பூர்–நியூயார்க்: பயண நேரக் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு நேர்த்தொலைவு சுமார் 15,350 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். அட்டவணையோ 18 மணிக்கு மேல் காட்டும். விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே கேட்டில் போய் நிற்பது வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி.

அந்த 15,350-ம் விமானம் உண்மையில் பறக்கிற தூரமல்ல. பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், நூல் வட துருவத்தை உரசிக்கொண்டு போகும். தட்டையான வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. ஆனால் நியூயார்க் போகும் விமானங்கள் பெரும்பாலும் துருவத்தை விட்டு விலகிப் பசிபிக் வழியாகவே போகின்றன. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். காற்று மாறினால் வழியும் மாறும்.

சில தளங்கள் தூரத்தை 8,288 என்று போடும். அது கடல் மைல். சாதாரண மைல் என்று நினைத்து 1.6-ஆல் பெருக்கினால் 2,000 கி.மீ. காணாமல் போய்விடும், 1.852-ஆல் பெருக்க வேண்டும்.

கைக்காசு போவது தேதிக் கணக்கில்தான். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். ஜூலையில் பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி அன்று மாலை 6.30-க்கு நியூயார்க்கில் இறங்கினால், பறந்தது ஆறரை மணி நேரமல்ல, பதினெட்டரை. திரும்பும்போது இன்னும் குழப்பம். திங்கள் இரவு 10 மணிக்கு ஏறுகிறீர்கள், பயணம் 18 மணி 45 நிமிடம் என்று வையுங்கள். இறங்கும்போது நியூயார்க்கில் செவ்வாய் மாலை 4.45. சிங்கப்பூரிலோ புதன் விடியற்காலை 4.45. டிக்கெட்டின் ஓரத்தில் பொடியாக +2 என்று போட்டிருப்பதை யார் பார்க்கிறார்கள்! செவ்வாய்க்கிழமை கார் அனுப்பச் சொன்னால் அது காலியாகத் திரும்பும். ஹோட்டல் கதை நேரெதிர்: புதன் என்று பதிவு செய்தால் மதியத்துக்கு மேல்தான் அறை கிடைக்கும். இறங்கியதும் படுக்க வேண்டுமென்றால் செவ்வாய் இரவையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

இதே பயணம் டிசம்பரில் என்றால் சிங்கப்பூரில் இறங்குவது விடியற்காலை 5.45 ஆகிவிடும். அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளி, மார்ச் இரண்டாம் ஞாயிறன்று முன்னுக்கு நகர்த்தும். சிங்கப்பூர் நகர்த்தாது. ஆகவே வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13.

ஒரே விமான எண் என்றால் வழியில் நிற்காது என்று நம்ப வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 26 பிராங்பர்ட்டில் இறங்கித்தான் நியூயார்க் போகிறது.

அப்புறம், நியூயார்க்கிலிருந்து வேறு அமெரிக்க ஊருக்கு மாறுபவர்கள் குடிநுழைவுச் சோதனையை அங்கேயே முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஒன்றரை மணி இடைவெளி எல்லாம் பத்தாது. குறைந்தது மூன்று மணி விடுங்கள்.