மோட்டார் காயில் கட்டப் பழகுகிறீர்களா?

எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது பழைய காயிலை மொத்தமாக வெட்டி எறியாதீர்கள். ஒரு செட்டையாவது வடிவம் கெடாமல் உருவி எடுத்து, எத்தனை சுற்று, என்ன கேஜ் (தடிமன்) கம்பி, எந்த ஸ்லாட்டிலிருந்து (காயில் உட்காரும் பள்ளம்) எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது என்று உடனே நோட்டில் எழுதிவிடுங்கள். இணைப்புகளை வெட்டும் முன் செல்போனில் ஒரு படமும் எடுங்கள்.

சுற்று குறைந்தால் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறும். காயில் நீண்டுவிட்டால் மூடியில் உரசும். உருவிய காயில் கையில் இருந்தால் புதுக் காயில் சுற்றும் அச்சின் அளவு முதல் தடவையிலேயே சரியாக வரும், காப்பர் கம்பி வீணாகாது. கேஜ் பார்க்கும்போது மட்டும் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும், இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். அதே கம்பெனி, அதே மாடல் மோட்டார் மறுபடி வந்தால் அந்த நோட்டே போதும்.

ஏற்கெனவே வெளியில் காயில் கட்டி, சீக்கிரமே மறுபடி எரிந்து வந்த மோட்டாருக்கு இது உதவாது. பழைய கணக்கே தப்பாக இருக்கலாம். அப்போது கம்பெனி அளவைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பட்டறையில் மூத்தவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.