முட்டி வலி: ஸ்போர்ட்ஸ் டாக்டரிடம் போவதற்கு முன்

மும்பை மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களைச் சுற்றி ஓடுகிற எங்கள் குழுவில் முட்டி வலி வராதவர் குறைவு. எனக்கு, படி இறங்கினால் முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலிக்கும். தாதர் ஸ்டேஷன் படிக்கட்டு என்றாலே பயம். ஸ்ப்ரே, முட்டி பெல்ட் எல்லாம் அன்றைய பொழுதுக்குத்தான்.

ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டரைப் பார்க்கப் போனபோது, ஓடித் தேய்ந்த ஷூவையும் எடுத்துப் போகச் சொன்னார் குழுவில் மூத்த அண்ணன் ஒருவர். நல்ல யோசனை. டாக்டர் அதைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒற்றைக் காலில் நின்று பாதி உட்காரச் சொன்னார். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. இடுப்புப் பக்கத் தசையில் பலம் இல்லை என்றார்.

இதற்காகவே அரை டிராயரில் போங்கள்; ஜீன்ஸை முட்டிக்கு மேல் சுருட்டிப் பாருங்கள், கஷ்டம் தெரியும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. அதற்காக நாமாகவே எம்ஆர்ஐ எடுக்க வேண்டாம், தேவையா என்று அவர் சொல்லட்டும். பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட்டோடு படமும் வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, குறைக்கத்தான் சொன்னார். ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும் பயிற்சி சரியான அலுப்பு. ஆனால் வலி போனது அதனால்தான்.

அடிபட்டதும் முட்டி வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் சிக்கினாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.