பொடி விற்கிறது, பணம் எங்கே? சிறு உணவுத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இட்லிப் பொடி, சாம்பார் பொடி, சத்துமாவு, தட்டை, முறுக்கு என்று வீட்டுப் பக்குவத்தை நம்பித் தொழிலில் இறங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ருசி பார்த்தவர்கள் திரும்பக் கேட்கிறார்கள், ஆர்டரும் கூடுகிறது. அப்படியிருந்தும் பலர் கொஞ்ச காலத்திலேயே மெஷினை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். பொருள் நன்றாகப் போகும்போதே ரொக்கம் தீர்ந்துபோவதுதான் இதில் கொடுமை.

பணம் ஒழுகத் தொடங்குவது விலை போடும்போதே. 200 கிராம் இட்லிப் பொடியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் புரிவதற்காகத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம் எல்லாம் 55 ரூபாய். கேஸும் அரவைக் கூலியும் 6, பையும் லேபிளும் 7. ஆக அடக்கம் 68. 90 ரூபாய்க்கு விற்றால் 22 ரூபாய் லாபம் என்று தோன்றும். தெரிந்தவர்களுக்கு நேரில் கொடுக்கும்வரை அது சரி. கடைக்குப் போட்டால் கடைக்காரர் 20 சதவீதம் கேட்பார், அது 18 ரூபாய். மிச்சம் 4. நூறு பாக்கெட்டுக்கு 400 ரூபாய். அதில் 5 பாக்கெட் விற்காமல் ரிட்டர்ன் வந்தால், கமிஷன் போக கடை தர வேண்டிய 72 ரூபாய் வீதம் 360 போய்விடும். கையில் நிற்பது 40 ரூபாய்.

இதில் பெட்ரோல் சேரவில்லை. வறுத்து, சலித்து, பை ஒட்டியவரின் கூலியும் சேரவில்லை. "நம்ம வீட்டு வேலைதானே" என்று அதை விட்டுவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஆர்டர் பெருகி உதவிக்கு ஒருவரை வைக்கும் நாளில் அந்தச் சம்பளத்தை இந்த விலை தாங்காது. அப்போது விலையை ஏற்றினால் பழகிய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். கடை கமிஷன், ரிட்டர்ன், உங்கள் கூலி மூன்றையும் முதல் பாக்கெட்டிலேயே சேர்த்து விலை போடுங்கள். வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு கிலோ பருப்பு ஒரு கிலோ பொடி ஆகாது.

அடுத்தது கடன் சரக்கு. பெரிய கடையில் நம் பாக்கெட் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் மனசு நிறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாரம் 20,000 ரூபாய்க்குச் சரக்குப் போட்டு 45 நாள் கழித்துக் காசு வாங்கினால், எப்போதும் 1.2 லட்சத்துக்கு மேல் வெளியே நிற்கும். பருப்புக்கடைக்காரரோ உங்களிடம் ரொக்கம் கேட்பார். விற்பனை இரட்டிப்பானால் வெளியே நிற்கும் தொகையும் இரட்டிப்பாகும். வளர வளரக் கை வறளுவது இதனால்தான். எந்தக் கடைக்கு எவ்வளவு வரை பாக்கி விடலாம் என்று முதலிலேயே ஒரு வரம்பு வையுங்கள். பழைய பில் வசூலாகாமல் புதுச் சரக்கு இறக்க வேண்டாம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. புகார் கொடுக்க அரசுத் தளம் இருக்கிறது. புகார் கொடுத்தால் அந்தக் கடையோடு உறவு முறியும் என்பதால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

கை வறண்டதும் தண்டல்காரர் வருவார். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். 1,500 தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. எந்தப் பொடி வியாபாரமும் அதைத் தாங்காது. அந்த நிலை வருமுன் வங்கியில் முத்ரா கடன் கேளுங்கள். 50,000 ரூபாய் வரை சிசு பிரிவு, அடமானம் தேவையில்லை. தொழில் வரவு செலவு தனி வங்கிக் கணக்கில் நடந்திருந்தால் மேலாளரிடம் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும். வீட்டு மளிகைச் செலவும் பள்ளிக் கட்டணமும் அதே கணக்கில் கலந்திருந்தால் லாபமா நஷ்டமா என்று உங்களுக்கே தெரியாது.

அவசரப்பட்டு மெஷின் வாங்குவது இன்னொன்று. அரவை மில்லில் கூலிக்கு அரைத்து, ஆர்டர் நிலைத்த பிறகு வாங்கலாம். மானியக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) போன்ற திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானது. சொந்தக் காசில் எல்லாம் வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டு அப்புறம் போனால் கிடைக்காது. மானியத் தொகையும் உடனே கைக்கு வராது, வங்கியில் மூன்று ஆண்டு வைப்பில் இருக்கும்.

உரிமங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் செய்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம், அந்த 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூருக்கு ஒரு பார்சல் விற்று அனுப்பினாலே வெளிமாநில விற்பனை, அதற்கு இந்த வரம்பு பொருந்தாது. இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

கடைசியாகக் கூட்டு. தோழியோடு, மச்சானோடு சேர்ந்து தொடங்கும்போது எழுதிக்கொள்ளக் கூச்சப்படுகிறோம். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. நீங்கள் 3 லட்சமும் அவர் 50,000-மும் போட்டிருந்தாலும் அப்படித்தான். நிறுவனத்துக்காக அவர் வாங்கிய கடனை உங்களிடமும் முழுதாகக் கேட்கலாம். யார் எவ்வளவு முதல், யாருக்கு என்ன சம்பளம், ஒருவர் விலகினால் கணக்கை எப்படி முடிப்பது, இந்த மூன்றையாவது முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.